அப்பாவின் நோட்டோடு ஐந்து நாள்

முதல் நாள்: திருச்சியிலிருந்து தஞ்சாவூர்

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. திதி முடிந்த மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா தம்பியைப் பார்த்துச் சொன்னாள், "கோடிக்கரைக்கு ஒரு தடவை போயிட்டு வந்துடலாம்டா." ஒரு வருஷமாக அம்மா இது வேண்டும் அது வேண்டும் என்று எதையுமே கேட்டதில்லை. தம்பி அன்றைக்கே லீவு போட்டான். நானும் போட்டேன்.

காரில் அம்மா, தம்பி, தம்பியின் மகள், நான். எட்டு வயசுக்காரி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டாள். என் மடியில் அப்பாவின் நோட்டு.

இந்த நோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 192 பக்கம், கோடு போட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவதுபோல பழுப்புத்தாள் அட்டை. முன்பக்கத்திலிருந்து திறந்தால் ராகம், பின்பக்கத்திலிருந்து திறந்தால் பறவை. திருச்சி வானொலியில் இரவுக் கச்சேரி கேட்டால் தேதி, பாடியவர், என்ன ராகம் என்று தான் நினைத்தது, மூன்றையும் நீல மையில் எழுதுவார். வெளியில் போய் ஒரு பறவையைப் பார்த்தால் தேதி, இடம், எத்தனை, அப்புறம் தவறாமல் ஒரு வரி, "உடன்:" என்று போட்டுக் கூட வந்தவர்கள் யார் யார் என்பது. இப்படி மொத்தம் ஒன்பது நோட்டு. கடைசி நோட்டை மட்டும் எடுத்து வந்திருக்கிறோம். அதில் பாதிப் பக்கம் காலி.

ராகப் பக்கங்களில் மைக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். சில இடத்தில் சரி போட்டிருக்கும். சில இடத்தில் அடித்து வேறு ராகம் எழுதியிருக்கும். சில இடத்தில் "ப.த.", "கா.ப." என்று இரண்டெழுத்து மட்டும். அப்பாவே பிற்பாடு யாரிடமாவது கேட்டுத் திருத்திக்கொண்டது போலிருக்கிறது. அந்த இரண்டெழுத்துகள் என்ன என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

அப்பா அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பாட்டு அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. கணக்கு வழியாகவும் வந்தது. நான் ஆறாவது படிக்கும்போது இதே தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸில் வைத்து 72 மேளகர்த்தாவை, அதாவது தாய் ராகங்களை, விரல்விட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஸ்வரங்களில் மத்தியமம் இரண்டு, ரிஷப காந்தாரம் சேர்ந்து வருகிற வகை ஆறு, தைவத நிஷாதம் சேர்ந்து வருகிற வகை ஆறு. பெருக்கு. 72 வருதா? அப்புறம் கடபயாதி. ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் அது எத்தனையாவது மேளம் என்று தெரிந்துவிடும். தீரசங்கராபரணத்தில் 'தீ'க்கு ஒன்பது, 'ர'வுக்கு இரண்டு, திருப்பினால் 29.

"'தா'வுக்கு ஆறுன்னு சொன்னீங்களே, 'தீ'க்கு எப்படி ஒன்பதாச்சு?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அது நாலு 'த'வில் கடைசி 'த', தமிழில் நாலுக்கும் ஒரே எழுத்துதான் என்றார். சொல்லிவிட்டு அவருக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். தெலுங்கு அரிச்சுவடி ஒன்று வாங்கி வந்து, 47 வயசில், ராத்திரி எங்களோடு உட்கார்ந்து எழுதிப் பழகினார். எங்களுக்கு வீட்டுப்பாடம், அவருக்கும் வீட்டுப்பாடம். தம்பி அவர் எழுதியதைப் பார்த்து மார்க் போடுவான்.

மத்தியானம் அரண்மனைக்குள் சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் போனோம். அப்பா தஞ்சாவூர் வந்தால் பெரிய கோவிலுக்கு அடுத்து இங்கேதான். இரண்டாம் சரபோஜி 1798-லிருந்து 1832 வரை ஆண்டவர். நாயக்கர் காலத்துச் சுவடிகளோடு தான் தேடிச் சேர்த்த புத்தகங்களையும் வைத்து இதை வளர்த்தார். புத்தகங்களில் தன் கையெழுத்தைப் போட்டு வைக்கிற பழக்கம் உண்டு. கண் நோயாளிகளுக்கு நடந்த சிகிச்சைகளைக் கண்ணின் படத்தோடு பதிவு செய்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கண் படங்களைப் பற்றிச் சொல்லும்போது அப்பாவுக்குக் குரல் மாறிவிடும். "ராஜா. அவருக்கு என்ன அவசியம்? ஆனா எழுதி வச்சிருக்கார் பாரு" என்பார். மேளகர்த்தாவுக்கு அடிப்படை போட்ட வேங்கடமகி இருந்ததும் இதே ஊரில், 17-ஆம் நூற்றாண்டில், நாயக்கர் அரசவையில். அப்பாவுக்குத் தஞ்சாவூர் என்றால் இந்த இருவரும்தான்.

நூலகமே வெளியிடுகிற பழைய புத்தகங்களை விற்கிற இடத்தில் அம்மா ரொம்ப நேரம் நின்றாள். ஒன்றும் வாங்கவில்லை. அப்பா ஒவ்வொரு தடவையும் ஒன்றாவது வாங்குவார், அம்மா "வைக்க இடமில்லை" என்பாள்.

இரண்டாம் நாள்: திருவையாறு

நேற்று எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. அதை இன்று திருத்த வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழியில் ஆறு மாற்றி ஆறாகப் பாலம் வந்துகொண்டே இருந்தது. ரோட்டின் ஒரு பாதியில் சம்பா நெல் காயப்போட்டிருந்தார்கள். தம்பி ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினான்.

தியாகராஜர் ஆராதனை முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. பந்தல் பிரித்து, மூங்கில் கட்டு கட்டாகக் கிடந்தது. மணலில் இன்னும் கால் தடங்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வருஷா வருஷம் பஞ்சரத்ன கீர்த்தனை பாடுகிற நாளன்றைக்கு அப்பா அழைத்து வந்துவிடுவார். முதல் பஸ். ஒரு பையில் எலுமிச்சை சாதம், இன்னொரு பையில் துண்டும் விசிறியும். முன்னால் உட்கார அவருக்கு ஆசை கிடையாது. பந்தலுக்கு வெளியே, காவேரி தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார வைப்பார். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தும் வரிசையாக வரும். ஆரபி வந்ததும் தொடையில் தாளம் போட ஆரம்பிப்பார், எங்கள் தொடையிலும் சேர்த்து. மேலே மீன்கொத்தி பறந்தால் தாளம் நிற்காமலே கண் மட்டும் அதன் பின்னால் போகும்.

தியாகராஜர் சமாதிக்குப் போவதற்கு முன்னால் அப்பா ஒரு இடத்தில் நிற்பார். பெங்களூர் நாகரத்தினம்மாள் நினைவிடம். 1920-களில் தன் நகைகளையும் சொத்தையும் போட்டு இந்தக் கோவிலைக் கட்டியவர் அவர். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்று இருந்த காலத்தில் அதை எதிர்த்து நின்று பாட வைத்தவரும் அவர்தான். சமாதியைப் பார்த்தபடி அவருக்கு ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. "இந்தம்மாவைக் கும்பிட்டுட்டு உள்ள போ" என்று அப்பா சொல்வது எனக்கு மட்டுமில்லை, அம்மாவுக்கும் சேர்த்துத்தான். அது எனக்கு அப்போது தெரியாது.

படித்துறையில் உட்கார்ந்தோம். மேட்டூரை மூட இன்னும் சில நாள் இருக்கிறது, தண்ணீர் முழங்காலளவு ஓடியது. தம்பி மகள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா அசோகா அல்வா வாங்கி வரச் சொல்லியிருந்தாள், வாழையிலையில் சூடாக. பாசிப்பருப்பு வாசனையோடு கையெல்லாம் நெய். நான் கையைத் துடைத்துவிட்டு நோட்டைத் திறந்து, "அம்மா, இந்த 'ப.த.'ன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று சும்மாதான் கேட்டேன்.

"பழந்தக்கராகம்" என்றாள்.

"என்னது?"

"தேவாரத்துல பழந்தக்கராகம்னு ஒரு பண். ஆரபி மாதிரி பாடுவாங்க. 'கா.ப.'ன்னா காந்தாரபஞ்சமம். அது கேதாரகௌளை. எனக்குப் பண் பேருதான் சட்டுனு வரும். ராகம் பேரு அப்புறம்தான் வரும்."

நான் நோட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன். தம்பி எழுந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

பென்சில் அம்மாவுடையது. முப்பது வருஷமாக, ஒன்பது நோட்டிலும்.

அம்மா சின்ன வயசில் ஊர்க் கோவில் ஓதுவாரிடம் தேவாரம் படித்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அது ஏதோ நாலு பாட்டு என்று நினைத்திருந்தோம். எட்டு வருஷம் படித்திருக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம் பாடவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வேலை சரியா இருந்துச்சு, போயிடுச்சு" என்றாள். அப்பா எத்தனையோ தடவை பாடச் சொல்லியிருக்கிறார். இவளுக்குக் கூச்சம். ஆனால் காது மட்டும் எங்கும் போகவில்லை. அடுப்படியில் நின்றபடி கூடத்து ரேடியோவைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அப்பா ராத்திரி எழுதிவிட்டு நோட்டை அடுப்படி ஷெல்ஃபில், காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார். காலையில் பால் பொங்குவதற்குள் இவள் பென்சிலால் குறித்து வைப்பாள். அப்பா ஸ்கூலுக்குக் கிளம்பும் முன் எடுத்துப் பார்ப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்து பேசிக்கொண்டதே இல்லையாம்.

"நேரா சொல்லியிருக்கலாமேம்மா?"

"கணக்கு வாத்தியாருடி அவரு. தப்பு போட்ட பிள்ளைகிட்ட விடையைச் சொல்லக் கூடாது, எங்க தப்புன்னு மட்டும் காட்டணும்பாரு. நானும் அப்படித்தான் காட்டினேன்."

அப்பா கடைசி வரைக்கும் விடாமல் தப்பு செய்தது ஒரே இடத்தில்தான். தேவகாந்தாரியை ஆரபி என்று எழுதுவார். நோட்டில் தேடிப் பார்த்தோம். இந்த ஒரு நோட்டிலேயே பதினொரு இடம். ஒவ்வொன்றிலும் பென்சில் கோடு, பக்கத்தில் "தே.கா." ஸ்வரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், போகிற போக்குதான் வேறு என்றாள் அம்மா. பாடிக் காட்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்: நரசிங்கம்பேட்டை

இன்று நிறைய எழுத இல்லை. அலைச்சல். கும்பகோணத்தில் காப்பி குடித்துவிட்டு, ஆடுதுறையைத் தாண்டி நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் செய்கிற ஊர். அப்பா ஓய்வு பெற்ற மாதம் இங்கே வந்து ஒரு பகல் முழுக்கப் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று தம்பிதான் சொன்னான், அவன்தான் அழைத்து வந்தவன்.

அதே மாதிரி ஒரு திண்ணையில் நாங்களும் உட்கார்ந்தோம். மரம் ஆச்சா. புதுமரம் ஆகாது. பழைய வீடு இடிக்கிற இடங்களில் தூண், உத்தரம் என்று தேடி வாங்கி வருகிறார்கள். பல காலம் காய்ந்து, இனிமேல் சுருங்க ஒன்றுமில்லை என்கிற மரம்தான் சுருதியில் நிற்கும் என்றார் ஆசாரி. கடைசலில் போட்டு உருட்டும்போது மரத்திலிருந்து சுருள் சுருளாக, கருஞ்சிவப்பாகச் சீவல் விழுந்தது. தம்பி மகள் இரண்டு சுருளை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். உள்ளே துளை போட்ட குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கச் சொன்னார். உள்ளே இழைத்தது கண்ணாடி மாதிரி இருந்தது. அந்த முனையில் ஒரு சின்ன வட்டமாகத் தென்னைமரம் தெரிந்தது.

விரல் வைக்கிற துளை ஏழு. கீழே இன்னும் ஐந்து. அந்த ஐந்தை வாசிக்கிறவர் மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் தன் சுருதிக்குச் சரி பண்ணிக்கொள்வார். பக்கத்துத் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக இந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். அதற்கு முன்னால் திமிரி, குட்டை, சுருதி தூக்கலாக இருக்கும். பாரி வந்ததும் சுத்த மத்தியமம் சுத்தமாக நின்றது. 2022-இல் இந்த ஊர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா எனக்குப் போன் பண்ணினார். பேரனுக்கு மார்க் வந்த மாதிரி சந்தோஷம் குரலில்.

நோட்டில் அந்த நாளைக்கும் பதிவு இருக்கிறது, ராகப் பக்கத்தில் இல்லை, பறவைப் பக்கத்தில். "நரசிங்கம்பேட்டை. பட்டறை வேம்பில் குக்குறுவான் 1. கடைசல் சத்தத்துக்குப் பதில் சொல்கிறது. உடன்: மகன்." தம்பி அந்த வரியைப் போட்டோ எடுத்துக்கொண்டான். அப்புறம் காரில் ரொம்ப தூரம் ஒன்றும் பேசவில்லை.

இரவு திருவாரூரில் தங்கல்.

நான்காம் நாள்: கோடிக்கரை, வேதாரண்யம்

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் காற்று மாறிவிட்டது. வேதாரண்யம் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் குவித்த உப்பு, மேலே கீற்று. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியோடு உப்பு எடுக்கக் கிளம்பிய தொண்டர்கள் பதினைந்து நாள் நடந்து வந்து சேர்ந்தது இங்கேதான். நாமக்கல் கவிஞர் அந்த நடைக்கென்றே எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டே வந்தார்கள். அப்பாவின் கணக்கில் அது மூன்றும் சேர்ந்த யாத்திரை, பாட்டு இருக்கிறது, நடை இருக்கிறது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இருக்கிறது. அகஸ்தியம்பள்ளியில் ஸ்தூபிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினோம், அவர் நிறுத்துவது போலவே.

கோடிக்கரைக் காட்டுக்குள் போகும்போது மணி மூன்று. 1967-இல் சரணாலயமாக அறிவித்த காடு. உலக்கைப்பாலையும் முள்ளும் மணலும், திடீரென்று திறக்கிற புல்வெளியும். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில் இந்தப் பக்கம்தான் கரையேறியது. விழுந்த பெரிய மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் சாய்ந்தபடி கிடக்கின்றன. பக்கத்திலேயே புதுத் தளிர்கள் ஆள் உயரம் வந்துவிட்டன.

புல்வெளியின் ஓரத்தில் தம்பி என்ஜினை அணைத்தான். வெளிமான்கள். இருபது, இருபத்தைந்து இருக்கும். பெண் மான்கள் மணல் நிறம். நடுவில் ஒரே ஒரு ஆண், முதுகு கறுப்பு, வயிறு வெளுப்பு, கொம்பு இரண்டும் திருகித் திருகி மேலே போகிறது. "திரிமருப்பு இரலை" என்று சங்கப் பாட்டில் வருவது இதுதான். இதே இடத்தில் அப்பா என் காதருகில் குனிந்து அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குப் பத்து வயசு. புத்தகத்தில் இருக்கிற மானும் எதிரில் நிற்கிற மானும் ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தம்பி மகள் காதருகில் நான் குனிந்தேன். சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. தம்பி சொன்னான்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் எழுதத்தான் வேண்டும். அப்பா கடைசியாக இங்கே வந்தது 2019 பிப்ரவரியில், புயலுக்கு அப்புறம். காடு என்ன ஆனதோ என்று அவருக்குத் தூக்கம் வரவில்லை. "ரெண்டு நாள் வாயேன், போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்று எனக்குப் போன் பண்ணினார். அம்மாவுக்கு அப்போது முட்டிவலி. தம்பி வெளியூரில். எனக்கு ஆபீஸில் வருஷ முடிவு வேலை. அடுத்த வருஷம் கண்டிப்பா போலாம்பா என்றேன். அடுத்த வருஷம் ஊரே அடைந்து கிடந்தது. அதற்கடுத்த வருஷம் அவரால் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. அந்த 2019 பக்கம் என் மடியில் திறந்திருக்கிறது. "வெளிமான் 9. மரங்கள் நிறைய விழுந்துவிட்டன. உடன்: யாருமில்லை." ஒன்பது நோட்டில் இந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான் அப்படி எழுதியிருக்கிறார். குறை சொல்லி எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர். ஆனாலும் அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

மாலை வேதாரண்யம் கோவில். தேவாரத்தில் இது திருமறைக்காடு. வேதங்கள் பூஜை செய்து அடைத்துவிட்டுப் போன கதவு யாருக்கும் திறக்காமல் இருந்ததாம். அப்பரும் சம்பந்தரும் வந்தார்கள். திறக்க அப்பர் பாடினார். பத்துப் பாட்டு பாடியும் திறக்கவில்லை. பதினோராவதில் 'இரக்கம் ஒன்றிலீர்' என்று சிவனையே கேட்டுவிட்டார். திறந்தது. மூட சம்பந்தர் பாடினார், முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது.

இங்கே அம்மனுக்குப் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அம்மனின் பேச்சே யாழைவிட இனிமை என்பதால் சரஸ்வதி இங்கே வீணை வைத்துக்கொள்ளவில்லை, சுவடியோடு உட்கார்ந்திருக்கிறாள். "அத்தை, வீணை எங்க?" என்று தம்பி மகள் தானாகவே கேட்டாள். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டிருப்பார்.

அந்தக் கதவுக்கு எதிரில் அம்மா நின்றாள். நாங்கள் இரண்டடி பின்னால். முதலில் உதடு மட்டும் அசைந்தது. அப்புறம் குரல் வந்தது. கரகரவென்று, மேலே போகும்போது உடைந்து, ஆனால் சுருதியை விடாமல். அப்பரின் அந்தப் பதிகம். பதினொன்றையும் பாடினாள். ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. ஐம்பது வருஷம் அது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. 'இரக்கம் ஒன்றிலீர்' வந்தபோது கையை நீட்டிக் கதவுப் பக்கம் காட்டினாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் நியாயம் கேட்கிற மாதிரி. தரிசனத்துக்கு வந்த இரண்டு மூன்று பேர் ஓரமாக நின்று கேட்டார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வரும்போது சாயங்கால பூஜைக்கு நாகஸ்வரம் ஆரம்பித்தார்கள். அம்மா பிரகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் நோட்டை எடுத்து, மனசுக்குப் பட்டதைச் சொன்னேன், "ஆரபிதானேம்மா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை. "அப்பனுக்குத் தப்பாத பொண்ணு" என்றாள்.

ஐந்தாம் நாள்: கோடிக்கரை, விடிகாலை

ஐந்தரைக்குக் கிளம்பி விடிவதற்குள் சதுப்புக்கு வந்துவிட்டோம். குளிர். அம்மாவுக்கு அப்பாவின் மஃப்ளர். பைனாகுலரும் அவருடையதுதான். வார் அறுந்து போனதை வீட்டிலேயே தடித்த நூலால் தைத்து வைத்திருக்கிறார், ஒவ்வொரு தையலும் ஒரே அளவு. கழுத்தில் மாட்டினால் அந்தத் தையல் பிடரியில் லேசாக உறுத்தும்.

வெளிச்சம் வர வர, தூரத்தில் வெள்ளைக் கோடாக இருந்தது மெல்ல ரோஜா நிறமானது. பூநாரை. தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அலகால் அரித்துத் தின்கின்றன. நூற்றுக்கணக்கில். எண்ணுவதற்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, விரல் மறைக்கிற இடத்தில் எத்தனை என்று பைனாகுலரில் எண்ண வேண்டும். அப்புறம் கூட்டம் எத்தனை விரல் அகலம் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். தம்பிக்கு 340 வந்தது. எனக்கு 300. தம்பி மகள் விரல் சின்னது, அவளுக்கு 410. அப்பா இப்படி வந்தால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பார். 350. எழுதினேன்.

கிட்டத்துச் சேற்றில் சின்னச் சின்ன உள்ளான்கள். ஓடுவது, குத்துவது, ஓடுவது. ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு கொக்கு. ஒரு காலை எடுத்து, பாதி வழியில் நிறுத்தி, யோசித்து, வைத்தது. கழுத்து நீண்டது, வளைந்தது, திரும்ப நின்றது.

அம்மா பைனாகுலரை இறக்கிவிட்டுச் சொன்னாள், "பாரு, சின்னதுங்க விறுவிறுன்னு ஓடுது பாரு. அது ஆரபி. எங்கேயும் நிக்காது, காந்தாரத்தைத் தொட்டும் தொடாம ஓடிடும். கொக்கு நின்னு நின்னு போகுதுல்ல, கழுத்தை இழைச்சு இழைச்சு, அது தேவகாந்தாரி. ரெண்டும் நிக்கிறது ஒரே சேறுதான்."

சொல்லிவிட்டு, மெதுவாக, கொக்கைப் பார்த்தபடியே இரண்டு வரி முனகினாள். நேற்று நாகஸ்வரத்தில் கேட்டதுதான்.

"இதை அப்பாகிட்ட சொல்லியிருந்தா அவருக்கு உடனே புரிஞ்சிருக்கும்மா" என்றான் தம்பி.

"இப்பத்தானே எனக்கே தோணுது" என்றாள் அம்மா.

அடையாளம் தெரியாத பறவை ஒன்றும் இருந்தது. உள்ளானைவிடக் கொஞ்சம் பெரிது, பறந்தபோது இறக்கையில் வெள்ளைப் பட்டை. இரண்டு அடையாளமாவது நிச்சயமாகத் தெரியாமல் பெயர் எழுதக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். அதனால் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் அவர் புத்தகங்கள் இருக்கின்றன, பார்க்க வேண்டும். "உடன்:" வரியைத் தம்பி மகள் எழுதினாள். அப்பாயி, அப்பா, அத்தை, நான். எழுத்து கோட்டுக்கு மேலே ஏறிப் போயிருக்கிறது.

பிறகு அம்மா நோட்டை வாங்கி முன்பக்கம் திருப்பினாள். என்னிடம் பேனா கேட்டாள். பென்சில் கைப்பையில் இருந்தது, அதை எடுக்கவில்லை. அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே, நீல மையில், நேற்றைய தேதி போட்டு, "வேதாரண்யம் கோவில், நாகஸ்வரம், தேவகாந்தாரி" என்று எழுதினாள். மை காயும்வரை ஊதிவிட்டு, நோட்டோடு பென்சிலையும் சேர்த்து என் மடியில் வைத்தாள்.

பென்சில் போடுகிற இடம் காலியாகத்தான் இருக்கிறது. எனக்கு இன்னும் அவ்வளவு தெரியாது. திருச்சி போனதும் வாரத்துக்கு ஒரு நாள் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றிருக்கிறாள், பண்ணிலிருந்துதான் ஆரம்பிப்பாளாம். ஞாயிற்றுக்கிழமை முதல் பாடம்.